2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே: தேக்காப் பக்கத்துச் சிறு மருந்துக்கடை

மருந்துக்கடைக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது குளிர்பதனப் பெட்டிக்குத்தான். தொழில் அப்படி. 27 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்த்து வருகிறேன். ஜூரோங்கில் மீன் கிடங்குகள், சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்குகள், உணவங்காடிக் கடைகளின் உறைபெட்டிகள் என்று எல்லாவற்றிலும் கை வைத்தாயிற்று. கதவு மூடும் ஓசையைக் கேட்டே அதன் ரப்பர் பட்டை தேய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன். என் அம்மாவுக்கு 78 வயது. 11 ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். திறக்காத இன்சுலினை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னை இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார வைத்திருக்கின்றன.

கடை, லிட்டில் இந்தியா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சிறு தெருவில், தேக்கா சந்தையிலிருந்து எட்டு நிமிட நடையில் இருக்கிறது. பழைய கடைவீடு, ஐந்தடி நடைபாதையில் இரண்டு நாற்காலிகள், பச்சைக் கம்பிக் கதவு. பெயரை எழுத வேண்டாம் என்று மருந்தாளர் கேட்டுக்கொண்டார். "இருக்கிறவர்களிடம் நின்று பேசவே நேரம் போதவில்லை அண்ணே, கூட்டம் சேர்ந்தால் யாருக்கும் ஒழுங்காகச் சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். அந்தப் பக்கம் புழங்குபவர்களுக்கு அடையாளம் இதுவே போதும்.

ஊரில் தெருவுக்கு நான்கு மருந்துக்கடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்குள்ள வழக்கம் முதலில் புரியாது. சிங்கப்பூரில் கிளினிக்கில் மருத்துவர் பார்த்ததும் அங்கேயே மருந்தையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பலதுறை மருந்தகங்கள் எனப்படும் பாலிகிளினிக்குகளிலும் மருத்துவமனைகளிலும் அவர்களுக்கென்று மருந்துப் பிரிவு உண்டு. கடைத்தொகுதிகளில் கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி போன்ற பெரிய கடைகள் இருக்கின்றன. தனி ஆள் ஒருவர் நடத்தும் சிறு மருந்துக்கடை அரிது. அம்மா நீண்டகால வருகை அட்டையில் என்னுடன் இருப்பவர். அரசு உதவித்தொகை அவருக்குக் கிடையாது. அதனால் தனியார் மருத்துவரிடம் காட்டி, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியில் மருந்து வாங்குகிறோம். சீட்டை எழுதித் தாருங்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

இந்தக் கடைக்கு நாங்கள் வந்தது 2019 மார்ச்சில். அதற்கு முன் வேறோர் இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தோம். அது எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. அங்கே ஒருநாள் இன்சுலின் பேனாக்களை (இன்சுலின் அடைத்த பேனா வடிவ ஊசிகளை) எடுக்கக் கடைக்காரர் பெட்டியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். வீட்டில் வைக்கும் சாதாரணக் குளிர்பதனப் பெட்டி. மேல் தட்டில் யாருடைய மதிய உணவோ, இரண்டு பானப் பொட்டலங்கள். இன்சுலின் அட்டைப் பெட்டிகள் பின்சுவரை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. அந்த வகைப் பெட்டியில் பின்சுவரை ஒட்டித்தான் குளிர் பாய்ந்து வரும். அங்கே சாய்த்து வைத்த பொருள் உறைந்துபோவதை நான் நூறு வீடுகளில் பார்த்திருக்கிறேன். கையில் வாங்கிய அட்டையின் ஒரு முனை நனைந்து, உலர்ந்து, சுருங்கியிருந்தது. அப்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உறைந்து இளகிய இன்சுலின் பல நேரம் பார்வைக்கு மாற்றமே காட்டாது. ஆனால் அதன் வேலை கெட்டுவிடும். அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வாரம் அம்மாவின் சர்க்கரை, இங்கு அளக்கும் மில்லிமோல் கணக்கில், 9, 10 என்று இருந்தது 17க்கு ஏறியது. கிளினிக்கில் அவரிடம், இனிப்புச் சாப்பிட்டீர்களா, ஊசியை ஒழுங்காகப் போட்டீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அம்மா கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, "நான் ஒன்றும் திருட்டுத்தனமாகச் சாப்பிடவில்லையடா" என்று என்னிடம் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தப் பேனாதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேறு பேனாவுக்கு மாற்றிய மூன்றாம் நாள் சர்க்கரை 9க்கு இறங்கியது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே புதிய கடை தேடி அலைந்தபோது, விலையைக் கேட்கும் முன்பு, "உங்கள் குளிர்பதனப் பெட்டியைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். இரண்டு இடங்களில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இந்தக் கடையின் மருந்தாளர், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், "தாராளமாக, இந்தப் பக்கம் வாருங்கள். கதவை மட்டும் அதிக நேரம் திறந்து வைக்காதீர்கள்" என்றார்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கண்ணாடிக் கதவு வைத்த, மருந்துக்கென்றே செய்த பெட்டி. உள்ளே விசிறி இருப்பதால் குளிர் ஒரே சீராகப் பரவுகிறது. மருந்துகள் பின்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, கம்பித் தட்டுகளில் ஒன்றோடொன்று நெருக்காமல் இருந்தன. கதவுத் தட்டுகளில் எதுவும் இல்லை. கீழே காலியாக இருந்த இடத்தில் தண்ணீர்ப் புட்டிகள் நின்றன. குடிக்க வைத்ததாக யாரும் நினைக்கலாம். மின்சாரம் போனால் குளிரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் வேலை அவற்றுடையது. எல்லாவற்றிலும் "குடிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். என்னை நிறுத்திவைத்தது நடுத்தட்டில் இருந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே கிளைகால் (glycol) என்ற, எளிதில் உறையாத நிறமற்ற திரவம், அதற்குள் மூழ்கியபடி வெப்பமானியின் முனை. கதவைத் திறந்ததும் காற்றின் வெப்பம் சட்டென்று ஏறும். ஆனால் குப்பிக்குள் இருக்கும் மருந்தின் வெப்பம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. முனையைக் காற்றில் தொங்கவிட்டால் கருவி பொய்யாகக் கூச்சலிடும். கூச்சல் அதிகமானால் ஆள் அதை அணைத்து வைத்துவிடுவான். திரவத்தில் அமிழ்த்தி வைத்தால் மருந்து உணரும் வெப்பத்தையே காட்டும். பெரிய சரக்குக் கிடங்குகளில்கூட இதைச் செய்யச் சொல்லி நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். முந்நூறு சதுர அடிக் கடையில், யாரும் கேட்காமலே அது இருந்தது.

பெட்டியின் பக்கவாட்டில் நூலில் கட்டிய பேரேடு. காலை 10 மணி, இரவு 8 மணி என்று ஒவ்வொரு நாளும் இரண்டு வரி: அந்த நேர வெப்பம், இடைப்பட்ட நேரத்தில் தொட்ட உச்சம், தொட்ட அடி, கையொப்பம். 4.1, 5.0, 4.6 என்று எண்கள் சற்றே முன்பின்னாக இருந்தன. இதைக் கண்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது. எல்லா நாளும் 4.0 என்று ஒரே மையில் எழுதியிருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் நிரப்பிய ஏடு. ஒரு பக்கத்தில் 8.7 என்று சிவப்பு மையில் இருந்தது. அதன் எதிரே, கதவு சரியாக மூடவில்லை, எத்தனை நிமிடம், எந்தெந்த மருந்துகள் உள்ளே இருந்தன, எந்தெந்த மருந்து நிறுவனங்களை அழைத்துக் கேட்டார், என்ன பதில் கிடைத்தது என்று ஐந்து வரி எழுதியிருந்தார். தவறு நடந்ததைத் தன் கையாலேயே எழுதி வைக்கிற கடை இது என்று அன்றே முடிவு செய்தேன்.

குளிர்பதனப் பெட்டியோடு கதை முடிந்துவிடாது. மாத்திரைகள் அலமாரியில் இருக்கின்றன. சிங்கப்பூர் வெயிலை எல்லோரும் அறிவோம்; பகலில் 31, 32 டிகிரி என்பது வழக்கம், ஈரப்பதமும் அதிகம். பெரும்பாலான மாத்திரை அட்டைகளில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்றும், சிலவற்றில் 25 என்றும் அச்சிட்டிருப்பார்கள். பகலெல்லாம் கடையில் குளிரூட்டி ஓடும், சிக்கல் இல்லை. இரவு கதவைச் சாத்திக் குளிரூட்டியை அணைத்துவிட்டுப் போனால், பகலெல்லாம் வெயிலில் காய்ந்த ஓட்டு வீட்டின் சூடு உள்ளே இறங்கும். காலையில் வந்து மறுபடியும் குளிரூட்டியைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து வெப்பமானியைப் பார்த்தால் 25 என்றுதான் காட்டும். இரவு என்ன நடந்தது என்பது உச்சத்தைப் பதிந்து வைக்கும் வெப்பமானி இருந்தால் மட்டுமே தெரியும். சிறு கடைகள் சறுக்கும் இடம் இது என்பது என் அனுபவம். இந்தக் கடையில் இரண்டு குளிரூட்டிகளில் ஒன்று இரவு முழுவதும் ஓடுகிறது. மின் கட்டணம் எவ்வளவு கூடுகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதைப் பெரிதாக மதிக்கிறேன்.

ஒருமுறை அந்த வரிசைக் கடைகளுக்கெல்லாம் பராமரிப்புக்காக மூன்று மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அம்மாவின் மருந்தை வாங்கப் போயிருந்தேன். மருந்தாளரும் உதவியாளரும் இன்சுலினைக் கனமான குளிர்காப்புப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பனிக்கட்டிப் பைகளை உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனே உள்ளே வைக்கவில்லை. மேசைமேல் பரப்பி, மேற்பரப்பு வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் ஓசை கேட்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு அட்டைத் தடுப்பு வைத்து, மருந்தின்மேல் படாமல் அடுக்கினார்கள். கல்லாக உறைந்த பையை இன்சுலின்மேல் நேரடியாக வைத்தால், சூட்டிலிருந்து காப்பாற்றப் போய்க் குளிரால் கொன்றதாகிவிடும். உதவியாளருக்கு இருபது வயதுதான் இருக்கும். ஒவ்வொரு பையையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான்.

அடுத்து, எனக்கும் மருந்தாளருக்கும் நடந்த சண்டை. 2018இல் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்தபோது, அங்கு அவரைப் பார்த்துவந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைக் கையோடு கொண்டுவந்தார். சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத அளவுக்குள் கொண்டுவர இங்கே அனுமதி உண்டு. அதன்பிறகும் ஊரிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்தார்கள். இந்தக் கடைக்கு மாறிய சில வாரங்களில் அந்தச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. கும்பகோணத்துச் சீட்டை நீட்டி, "இதே மருந்து கொடுங்கள், காசு எவ்வளவானாலும் பரவாயில்லை" என்றேன். மருந்தாளர் முடியாது என்றார். சிங்கப்பூரில் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் அந்த வகை மருந்தைக் கொடுக்கச் சட்டம் இடம் தராது என்றார். நான் குரலை உயர்த்தினேன். "அதே உப்பு, அதே அளவு, என் அம்மா ஆறு வருடமாகச் சாப்பிடுவது, உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணே, அந்தப் பழைய அட்டையைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்றார்.

அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரைக்குள். முன்பக்கத்தில் பளபளக்கும் வணிகப் பெயரில் மெட்ஃபார்மின் என்ற சொல்லே இல்லை. சிங்கப்பூர் மருத்துவர் அம்மாவுக்கு ஏற்கெனவே மெட்ஃபார்மின் எழுதியிருந்தார். அம்மா இரண்டையும் வேறு வேறு மருந்தென்று நினைத்துக் காலையும் மாலையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். கிளிமிபிரைடு சர்க்கரையை இறக்கும், இன்சுலினும் இறக்கும். இரண்டும் சேரும்போது திடீரென்று அளவுக்கு மீறித் தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. அதிகாலையில் அம்மா வியர்த்து நனைந்து நடுங்கிய இரண்டு நாள்கள் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன. வயதுக் கோளாறு என்று விட்டிருந்தோம். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

மருந்தாளர் அங்கேயே மருத்துவரின் கிளினிக்கைத் தொலைபேசியில் அழைத்தார், எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் எழுதி என் கையில் கொடுத்தார், மறுநாளே அம்மாவை அழைத்துப் போகச் சொன்னார். அன்று அவருக்கு ஒரு காசு வியாபாரம் நடக்கவில்லை. நான் குரல் உயர்த்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சிங்கப்பூரில் மருந்துகள் மூன்று வகை. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் தரக்கூடியவை. சீட்டு வேண்டாம், ஆனால் மருந்தாளர் விசாரித்துத் தரவேண்டியவை. யாரும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை. நடு வகையில்தான் கடையின் குணம் தெரியும். மருந்தாளர் கடையில் இல்லாவிட்டால் முதல் இரண்டு வகையையும் விற்கக் கூடாது. இங்கே மதியம் 1.30 மணிக்கு அவர் சாப்பிடப் போகும்போது, பின்னால் உள்ள அலமாரிக்கு முன் ஒரு திரைக்கதவை இழுத்துப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போகிறார். ஒருநாள் அந்த நேரத்தில் வந்த ஒருவர், "அதோ கண்ணுக்குத் தெரிகிறது, எடுத்துக் கொடு தம்பி" என்று உதவியாளரை விரட்டிக்கொண்டிருந்தார். பையன், "அக்கா வந்ததும் தருவார் ஐயா, நாற்காலியில் உட்காருங்கள்" என்பதற்கு மேல் அசையவில்லை. கொடேயின் கலந்த இருமல் மருந்து கேட்டு வருபவர்களிடம் அடையாள அட்டை கேட்டுப் பெயர், விவரம் பதிகிறார்கள். அட்டையைக் கேட்டதுமே திரும்பிப் போகும் இளைஞர்களை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு முறையும் மருந்தாளரின் முகத்தில் இருந்தது கவலைதான்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த சற்று நேரத்தில் போனேன். முன்மேசையில் அறிமுகமில்லாத இருவர் நின்றிருந்தார்கள். சுகாதார அறிவியல் ஆணையத்திலிருந்து வந்த அதிகாரிகள். மருந்துக்கடைகளுக்கு உரிமம் வழங்குவதும் அவற்றைச் சோதிப்பதும் அந்த ஆணையம்தான். மருந்தாளருக்கு அவர்கள் வருவது முன்கூட்டித் தெரியாது என்பது அவர் முகத்திலிருந்தே புரிந்தது. "அண்ணே, இருபது நிமிடம் பொறுக்க முடியுமா?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஒன்றரை மணி நேரமானது. நான் எழுந்து போகவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ தணிக்கைகளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் என் அம்மாவின் மருந்து இருக்கும் இடத்தில் நடக்கும் தணிக்கையைப் பார்ப்பது அதுவே முதல் முறை.

சுவரில் மாட்டியிருந்த உரிமத்தையும் மருந்தாளரின் தொழில் சான்றிதழையும் முதலில் பார்த்தார்கள். பிறகு ஒருவர் கோப்பிலிருந்து மூன்று மருந்துச் சீட்டுகளை உருவி, ஒவ்வொன்றும் கணினியில் எப்படிப் பதிவாகியிருக்கிறது, எத்தனை மாத்திரை போனது, அலமாரியில் மீதி எத்தனை என்று தடம் பிடித்துக்கொண்டே போனார். இன்னொருவர் அலமாரியின் கடைசி வரிசைக்குக் கையை விட்டு, பின்னால் இருந்த பெட்டிகளை எடுத்துக் காலாவதித் தேதி பார்த்தார். முன்வரிசையை எல்லோரும் ஒழுங்காக வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காலாவதியானவை தனிப் பெட்டியில், ஒட்டி முத்திரையிட்டு, "விற்பனைக்கு அல்ல" என்ற எழுத்துடன் இருந்தன. ஒட்டத் தயாராக இருந்த லேபிள் ஒன்றை எடுத்து நோயாளி பெயர், மருந்தின் பெயர், எப்படிச் சாப்பிடுவது, கொடுத்த தேதி, கடையின் பெயரும் முகவரியும் என ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். குளிர்பதனப் பெட்டியின் பேரேட்டில் அந்த 8.7 உள்ள பக்கத்துக்கும் வந்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் அந்த ஐந்து வரிகளை நிதானமாகப் படித்தார், தலையசைத்தார், பக்கத்தைத் திருப்பினார்.

பிறகு உதவியாளரைத் தனியே அழைத்துக் கேள்வி கேட்டார்கள். மருந்தாளர் இல்லாத நேரத்தில் இதைக் கேட்டு வந்தால் என்ன செய்வாய்? ஒருவர் மருந்தைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் அலமாரியில் வைப்பாயா? பையன் இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல், "வெளியே போன மருந்து வெயிலில் காரில் இருந்ததா என்று நமக்குத் தெரியாது ஐயா, திரும்ப விற்க மாட்டோம்" என்றான். அந்தப் பதிலை அவனுக்கு யாரும் மனப்பாடம் செய்து கொடுத்ததாகத் தோன்றவில்லை.

குறை இல்லாமல் இல்லை. இரண்டைச் சுட்டிக் காட்டினார்கள். அறை வெப்பமானியின் அளவுத்திருத்தச் சான்றிதழ் மூன்று வாரங்களுக்கு முன் முடிந்திருந்தது. பின்னறையில் கழிப்பறைச் சுவரை ஒட்டி நான்கு அட்டைப் பெட்டிகள் தரையிலேயே கிடந்தன. கடைவீட்டுச் சுவர் ஈரம் கசியும், தரையில் தண்ணீர் வரலாம். இரண்டும் நியாயமான குறைகள். முதலாவதைப் பற்றி எனக்கே வருத்தம், ஏனென்றால் அந்த வெப்பமானியை அந்த மாதம் எத்தனையோ முறை பார்த்துவிட்டு ஒட்டுச்சீட்டின் தேதியை நானும் கவனிக்கவில்லை. வெப்பமானி காலப்போக்கில் மெல்ல நகரும். ஒரு டிகிரி தவறிய கருவியை நம்பி எழுதிய ஏட்டில் எல்லா எண்ணும் ஒரு டிகிரி தவறு.

அவர்கள் போன பிறகு மருந்தாளர் என்னிடம் வந்து கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினால் எத்தனை நாள் ஆகும்?" என்பதுதான். கருவி போயிருக்கும் நாள்களில் கடை கண்ணை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது என்று மாற்றுக் கருவி ஒன்றும் வாங்கினார். இப்போது இரண்டு வெப்பமானிகள், ஆறு மாத இடைவெளியில் மாறி மாறி ஆய்வகத்துக்குப் போகின்றன. அதே வாரத்தில் பின்னறையில் எஃகுத் தட்டு வந்துவிட்டது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம், சுவரிலிருந்து ஒரு கை தள்ளி.

2019ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை நீரிழிவுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செப்டம்பரில், வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் ரனிடிடின் மருந்துகளில் எட்டு வகைகளின் விற்பனையை ஆணையம் நிறுத்தியது. டிசம்பர் 4ஆம் தேதி, இங்கு விற்பனையில் இருந்த 46 மெட்ஃபார்மின் மருந்துகளில் மூன்றைத் திரும்பப் பெறச் சொன்னது. இரண்டுக்கும் காரணம், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் என்டிஎம்ஏ என்ற மாசு ஏற்கத்தக்க அளவைத் தாண்டி இருந்ததுதான். வாட்ஸ்அப்பில் "மெட்ஃபார்மின் புற்றுநோய்" என்று செய்தி பறந்தது. அம்மா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மறுநாள் மாலை மருந்தாளரே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். "பாட்டி, உங்கள் மருந்து அந்த மூன்றில் இல்லை. நான் பெயரையும் தொகுதி எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்றார். அம்மாவின் பெட்டியில் உள்ள எண்ணை அவர் கடையில் உட்கார்ந்துகொண்டே வாசித்தார். அம்மா இங்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக ஒத்துப் பார்த்தார். எந்தத் தொகுதி யாருக்குப் போனது என்று எழுதி வைப்பதன் பயன் எனக்கு அன்று முழுதாக விளங்கியது. அந்த இரவே அம்மா மாத்திரையைத் தொடர்ந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சில மருந்துகள் பெரிய கடைகளைவிட ஒன்று முதல் மூன்று வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கூடுதல். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வீட்டுக்கு அனுப்பும் வசதி இல்லை. அரிதான மருந்துகளுக்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். ஒருவருக்கு நின்று விளக்கினால் பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். கால்வலி உள்ள முதியவர்களுக்கு இரண்டு நாற்காலி போதாது. எனக்கு உண்மையிலேயே மனக்குறை ஒன்று உண்டு. லேபிள்கள் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சாகின்றன. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மருந்தாளர் ஒவ்வொரு முறையும் பேனாவை எடுத்து, "காலை, சாப்பிட்ட பின், 1" என்று தமிழில் பக்கத்தில் எழுதித் தருகிறார். அன்பான செயல்தான். ஆனால் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழாக இருக்கும் நாட்டில், லிட்டில் இந்தியாவில் இருக்கும் கடையில், அது அச்சாகியே வரவேண்டும். அவசரத்தில் எழுதும் கையெழுத்தில் 1 ஒருநாள் 7 ஆகத் தெரியலாம். இதை அவரிடம் சொன்னேன். மென்பொருள்காரரிடம் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஓராண்டாகிவிட்டது, இன்னும் வரவில்லை. மறுபடியும் கேட்பேன்.

நேரம்: திங்கள் முதல் சனிவரை, காலை 10 முதல் இரவு 8.30 வரை. மதியம் 1.30 முதல் 2.15 வரை மருந்தாளர் இருக்க மாட்டார். சீட்டு மருந்துக்கு அந்த நேரத்தில் போகாதீர்கள், பையனிடம் வாதாடவும் வேண்டாம். இன்சுலின் வாங்குபவர்கள் குளிர்காப்புப் பை கொண்டுபோங்கள். இல்லையென்றால் அவர்களே ஒன்று தருவார்கள், அடுத்த முறை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், ஊரிலிருந்து வந்ததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு முதல் தடவையே எடுத்துப் போங்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம் அதிகம், செவ்வாய், புதன் மதியத்துக்கு மேல் பேச நேரம் கிடைக்கும்.

நேற்று அம்மாவின் புதிய பேனாவை வாங்கி வந்தோம். அம்மா போடும் வகையைத் திறந்த பிறகு 28 நாள்தான் வைத்திருக்கலாம். மருந்தாளர் அதன்மேல் சின்ன வெள்ளைச் சீட்டு ஒன்றை ஒட்டி, "திறந்த நாள்", "தூக்கிப் போடும் நாள்" என்று இரண்டு வரி எழுதி, தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தார். இன்று காலை அம்மா அதைத் தானே நிரப்பினார்.